கோபுர அறிவித்தல் உங்கள் வீட்டுக்கு வந்தால்



கைப்பேசிக் கோபுரத்தை மேம்படுத்துமுன் நிறுவனங்கள் அனுப்பும் அறிவித்தல்களில் 'குறைந்த தாக்கம்' என்றொரு தொடர் வரும். பலர் அதை உடல்நலம் பற்றியதாகக் கொள்கின்றனர். மொழிபெயர்ப்பு என்னுடையதே, இதைவிட நல்ல சொல் இன்னும் கிடைக்கவில்லை. அது கட்டமைப்பின் அளவையும் தோற்றத்தையும் அமைவிடத்தையும் பற்றிய சட்டச்சொல்.

அவுஸ்திரேலியாவின் 1997ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி, இவ்வகைக் கட்டமைப்புக்குச் சபையின் திட்ட அனுமதி வேண்டியதில்லை. எங்களால் தடுக்கவும் இயலாது. ஆகவே ஆட்சேபம் இருப்பின், அறிவித்தலில் குறித்த திகதிக்குள் அனுப்பியவர்களுக்கே எழுதுங்கள். பலர் எங்களுக்கு எழுதிவிட்டுக் காத்திருந்து அத்தவணையை இழக்கின்றனர்.

உங்கள் பகுதிக் கோபுரங்களின் விபரமும் மின்காந்த அலை அளவு அறிக்கைகளும் ஆர்.எப்.என்.எஸ்.ஏ. இணையத்தளத்தில் உள்ளன, அஞ்சற்குறியீட்டை இட்டுத் தேடலாம்.

வேலை நாட்களில் இணைய வேகம் குறையலாம். முடிந்த பின்னும் சீராகாவிடில் முதலில் உங்கள் சேவை நிறுவனத்திடம் முறையிடுங்கள். தீர்வு கிட்டாவிடில் தொலைத்தொடர்புத்துறைக் குறைகேள் அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம்.