கடனைத் தள்ளினால் கூட்டல்: அயனிகள் பற்றி

(நம் சங்கத்தின் மாலை வகுப்பில் 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் பேசியது)

பி.காம். படித்து வங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவனுக்கு வேதியியலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இந்த வகுப்புக்கு வரும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கில வழியில் படிக்கிறார்கள். நம் காவலாளியின் பிள்ளைகளும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களின் பிள்ளைகளும் தமிழ் வழி. பாடம் ஒன்றுதான், ஒருவர் 'கேட்டயான்' என்கிறார், இன்னொருவர் 'நேர் அயனி' என்கிறார். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தும் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்க முடியவில்லை. நாளைக்குக் கல்லூரியில் தமிழ் வழிப் பிள்ளை அந்த ஆங்கிலச் சொல்லைச் சந்தித்தே ஆக வேண்டும். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

எல்லாப் பிள்ளைகளும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எலக்ட்ரானை இழந்தால் கூட்டல் குறி, வாங்கினால் கழித்தல் குறி. "இழந்தால் குறையத்தானே வேண்டும், தாத்தா?" எலக்ட்ரானைப் பணமாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. அதைக் கடனாக நினைத்துப் பாருங்கள். சோடியம் அணுவில் புரோட்டான் 11, அது கையிருப்பு. எலக்ட்ரான் 11, அது கடன். நிகரம் பூஜ்யம். ஒரு கடனைத் தள்ளிவிட்டால் கையிருப்பு 11, கடன் 10. கூட்டல் 1. இதுதான் நேர் அயனி, கேட்டயான். குளோரினில் 17-க்கு 17. இன்னொரு கடனை ஏற்றுக்கொண்டால் கழித்தல் 1. இது எதிர் அயனி, ஆனயான். பெயரும் குளோரைடு என்று மாறும்.

கடனை யாராவது விரும்பி வாங்குவார்களா? இங்கே என் வங்கிக் கணக்கு உதவாது. வெளிக்கூட்டில் 8 எலக்ட்ரான் இருந்தால் நிலையான அமைப்பு. சோடியத்துக்கு 2, 8, 1. குளோரினுக்கு 2, 8, 7. முன்னது ஒன்றை விட்டால் 8, பின்னது ஒன்றை வாங்கினால் 8. அவ்வளவுதான்.

அயனிப் பிணைப்பு என்றால் என்ன என்று கேட்டால், எலக்ட்ரானைக் கொடுத்து வாங்குவது என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். அது பாதிப் பதில். அப்படி உண்டான கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கிறதே, அந்த ஈர்ப்புதான் பிணைப்பு. உப்புக் கல்லில் ஒவ்வொரு சோடியத்தையும் சுற்றி 6 குளோரைடு, ஒவ்வொரு குளோரைடையும் சுற்றி 6 சோடியம். அந்தப் பிடி எவ்வளவு பலம் என்று சமையலறையிலேயே தெரியும். வாணலியில் சர்க்கரை உருகிப் பழுப்பாகிவிடும். உப்பை எவ்வளவு வறுத்தாலும் உருகாது. அதற்கு 801 டிகிரி செல்சியஸ் வேண்டும்.

அப்படிப்பட்ட உப்பு தண்ணீரில் மட்டும் சட்டென்று கரைகிறது. தண்ணீர் மூலக்கூறுகள் அயனிகளைச் சூழ்ந்து பிரித்துவிடுகின்றன. தண்ணீர் வற்றினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். வேதாரண்யம் உப்பளத்தில் வெயில் செய்கிற வேலை இதுதான். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நம் தஞ்சை மாவட்டம் வழியாக நடந்து போய் அள்ளியதும் இப்படிச் சேர்ந்த உப்பைத்தான்.

நிலம் வைத்திருப்பவர்கள் களர் மண்ணுக்கு ஜிப்சம் போடுவீர்கள். ஜிப்சத்திலுள்ள கால்சியம் இரண்டு கடனைத் தள்ளிய அயனி. மண்ணில் ஒட்டியிருக்கும் சோடியம் அயனியை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வெளியே வந்த சோடியத்தைத் தண்ணீர் கட்டி வடித்துவிட வேண்டும். வடிக்காவிட்டால் செலவுதான் மிச்சம்.

'அயான்' என்ற பெயரை 1834-ல் மைக்கேல் ஃபாரடே புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 'செல்வது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல். மின்சாரம் பாய்ச்சினால் அயனிகள் எதிரெதிர் முனைகளுக்குச் செல்வதால் அப்படி. நம் உத்தராயணத்தில் வரும் 'அயன'த்துக்கும் செல்லுதல் என்றே பொருள். நினைவில் வைக்க வசதி.

ஆர்.ஓ. மெக்கானிக் தண்ணீரில் முக்கிப் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் உப்பை எடை போடுவதில்லை. அயனிகள் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகின்றன என்று அளந்து, அதை உப்புக் கணக்காக மாற்றிக் காட்டுகிறது. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்பது இந்தியத் தரம். மீட்டரில் சின்ன பேட்டரிதான் இருக்கிறது. வீட்டு மின்சாரத்தை வைத்து யாரும் சோதித்துப் பார்க்கக் கூடாது, பிள்ளைகளா.

வரும் ஞாயிற்றுக்கிழமை மீட்டரைக் கொண்டு வருகிறேன். திருக்காட்டுப்பள்ளிக் காவிரித் தண்ணீர், நம் போர் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், உப்புப் போட்ட தண்ணீர், சர்க்கரை போட்ட தண்ணீர் என ஆளுக்கொரு டம்ளர் எடுத்து வாருங்கள். சர்க்கரைத் தண்ணீருக்கு மீட்டர் என்ன காட்டும் என்று அதற்குள் யோசித்து, தமிழ் வழிப் பிள்ளை ஆங்கிலச் சொல்லிலும் ஆங்கில வழிப் பிள்ளை தமிழ்ச் சொல்லிலும் எழுதிக்கொண்டு வர வேண்டும்.