லேப்டாப் வாங்குறதுக்கு முன்னாடி உங்க ஃபுட்டேஜைப் பாருங்க

"வீடியோ எடிட்டிங்குக்கு சின்னதா, தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு லேப்டாப் சொல்லுங்க"ன்னு உங்கள்ல நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க. நானும் பதில் சொல்லாம தள்ளிட்டே வந்தேன். காரணம் இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி இதே கேள்விக்கு நான் சொன்ன பதில், ஒருத்தனோட முதல் வேலையைக் கெடுத்துச்சு. அந்தக் கதையோடயே ஆரம்பிக்கிறேன்.

அந்த ஒருத்தன் என் சித்தி பையன். மதுரையில கல்யாண வீடியோ எடுக்கிற ஒருத்தர்கிட்ட உதவிக்கு இருந்தான். அவர் இவனை நம்பி முதல் தடவையா ஒரு சேம் டே எடிட் கொடுத்தார். அதாவது, காலையில தாலி கட்டினதை சாயங்கால ரிசப்ஷன்ல மூணு நிமிஷப் படமா எல்.இ.டி. திரையில போடணும். எடிட்டிங் நடக்கிறது மண்டபத்திலேயே. பஸ்ல போய் வரணும். அதனாலதான் சின்ன லேப்டாப்.

சித்தி சீட்டு எடுத்து 70,000 ரூபாய் கொடுத்தாங்க. அவன் எனக்கு போன் பண்ணான். "அண்ணே, நீங்கதான் இன்ஜினியர், நீங்களே ஒண்ணு சொல்லிடுங்க." நான் அப்போ ஆபீஸ் மீட்டிங்ல மியூட்ல இருந்தேன். பத்தே நிமிஷத்துல ஒரு லிங்க் அனுப்பினேன். 14 இன்ச், ஒன்றரை கிலோவுக்கும் கம்மி, தனி கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம். "கிராபிக்ஸ் கார்டு இருக்கு, எடிட்டிங் பறக்கும். ரேம் பின்னாடி போட்டுக்கலாம்"னு சொன்னேன். எந்த கேமரா, எந்த ஃபார்மட், எங்க உட்கார்ந்து வேலை பார்ப்பேன்னு ஒரு கேள்விகூட அவனைக் கேட்கலை.

அந்த மண்டபத்துல அவனுக்குக் கிடைச்ச இடம் சமையல்கட்டை ஒட்டின ஸ்டோர் ரூம். ஃபேன் கிடையாது. கிளிப்பை டைம்லைன்ல போட்டு பிளே அமுக்கினா, ஒரு அடி நகரும், நிக்கும். மறுபடி ஒரு அடி நகரும். ஏழு மணிக்கு மாப்பிள்ளையும் பொண்ணும் மேடைக்கு வந்துட்டாங்க. படம் பாதிகூட முடியலை. கடைசியில போட்டோக்களை வரிசையா ஓடவிட்டுச் சமாளிச்சாங்க. அன்னிக்குச் சம்பளம் இல்லை. அடுத்த ரெண்டு கல்யாணம் வேற பையனுக்குப் போச்சு.

அவன் என்னைத் திட்டலை. "அண்ணே, எனக்குத்தான் ஓட்டத் தெரியலையோ"ன்னு கேட்டான். அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு. அவன் கிளிப்புகளை வாங்கிப் பார்த்தேன். தப்பு அவன்மேல இல்லை.

அந்த கேமரா எச்.265 ஃபார்மட்ல, 10 பிட், 4:2:2-ல ரெக்கார்ட் பண்ணியிருந்துச்சு. இது என்னன்னு கொஞ்சம் பொறுமையா பார்ப்போம், ஏன்னா மொத்த விஷயமும் இங்கதான் இருக்கு.

எச்.264, எச்.265 ரெண்டுமே இடத்தை மிச்சம் பண்ண, எல்லா ஃபிரேமையும் முழுசா சேமிக்காது. கல்யாணப் பந்தின்னு வச்சுக்குங்க. முதல் பந்தியில இலையில என்னென்ன இருந்துச்சுன்னு முழுசா எழுதிட்டு, அடுத்தடுத்த பந்திக்கு "பாயசம் மாறுச்சு", "வடை தீர்ந்துச்சு"ன்னு மாற்றத்தை மட்டும் எழுதுற மாதிரி. இடம் மிச்சம். ஆனா எட்டாவது பந்தியில என்ன இருந்துச்சுன்னு கேட்டா, முதல்ல இருந்து படிச்சுட்டு வரணும். எடிட் பண்ணும்போது நீங்க முன்னாடி பின்னாடி இழுக்கிற ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் இதைத்தான் செய்யுது.

அடுத்து 4:2:2. வெளிச்சத் தகவல் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியா இருக்கும். நிறத் தகவலை மட்டும் பக்கத்து பிக்சல்கள் பங்கு போட்டுக்கும். 4:2:0-ல நாலு பிக்சலுக்கு ஒரு பங்கு, 4:2:2-ல ரெண்டு பிக்சலுக்கு ஒரு பங்கு. நிறம் திருத்த நல்லது. ஆனா கணக்கு வேலை ஜாஸ்தி.

இந்த வேலையைச் சுலபமாக்க, சிப்புக்குள்ள வீடியோவைப் பிரிக்கிறதுக்குன்னே தனி பகுதி இருக்கும். எச்.265 10 பிட் 4:2:2-ஐ அது பிரிக்குமாங்கிறதுதான் கேள்வி. இன்டெல்ல 11-ஆம் தலைமுறையில இருந்து, சிப்போட வர்ற கிராபிக்ஸே பிரிக்கும். ஆப்பிள்ல எம்1-ல இருந்து பிரிக்கும். என்விடியாவுல ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முன்னாடி வந்த கார்டுகள் பிரிக்காது. ஆக, நான் பெருமையா சொன்ன அந்தத் தனி கிராபிக்ஸ் கார்டு, அவன் ஃபுட்டேஜுக்கு இந்த விஷயத்துல உதவவே இல்லை. எல்லாச் சுமையும் புராசஸர் தலையில. 8 ஜிபி ரேமும் நிரம்பிடுச்சு. "பின்னாடி போட்டுக்கலாம்"னு நான் சொன்ன ரேம், மதர்போர்டுலயே சால்டர் பண்ணது. போட இடமே இல்லை.

உடனே வேற லேப்டாப் வாங்கப் பணம் இல்லை. அதனால முதல்ல செலவே இல்லாத வழிக்குப் போனோம், பிராக்ஸி. அசல் ஃபைலுக்குப் பதிலா, எடிட்டிங்குக்குச் சுலபமான ஒரு சின்ன நகலை வச்சு வெட்டி ஒட்டிட்டு, கடைசியில அசலுக்கு மாத்தி எக்ஸ்போர்ட் பண்றது. பல கேமராக்கள் ரெக்கார்ட் பண்ணும்போதே பிராக்ஸியையும் சேர்த்து எழுதும். அவங்க கேமராவுலயும் அது இருந்துச்சு, யாரும் ஆன் பண்ணலை. அதை ஆன் பண்ணி, அதே லேப்டாப்ல ஏழு மாசம் ஓட்டினான். அவர் மறுபடி கூப்பிட ஆரம்பிச்சார். அதனால, இப்போ லேப்டாப் மாத்தணும்னு நினைக்கிறவங்க, முதல்ல ஒரு ராத்திரி பிராக்ஸி போட்டுப் பாருங்க. சில பேருக்குச் செலவே மிச்சமாகலாம்.

ஏழு மாசம் கழிச்சு அதை வித்தோம். மீதிப் பணத்தை நான் போட்டேன், அது என் கடன். இந்தத் தடவை அவனோட கிளிப்புகளை ஒரு எஸ்எஸ்டியில எடுத்துட்டு ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். கடைக்காரர் கொஞ்சம் முனகினார், அப்புறம் விட்டார். ஒவ்வொரு மெஷின்லயும் அதே கிளிப்புகளைப் போட்டு இழுத்துப் பார்த்தோம். கடைசியில பழைய 14 இன்ச் மேக்புக் ப்ரோ ஒண்ணு எடுத்தோம். 2021 மாடல், எம்1 ப்ரோ, 16 ஜிபி, 1.6 கிலோ. எஸ்டி கார்டு ஸ்லாட்டும் எச்டிஎம்ஐயும் உடம்பிலேயே இருக்கு, மண்டபத்துல அது பெரிய நிம்மதி. இது விளம்பரம் இல்லை மக்களே. விண்டோஸ்தான் வேணும்னா 16 ஜிபி ரேமோட ஒரு இன்டெல் 14 இன்ச்சும் அவன் வேலைக்குச் சரியா இருந்திருக்கும். ஆனா நீங்க பயன்படுத்துற சாஃப்ட்வேரும் அந்த வசதியை எடுத்துக்கணும். அதனாலதான் சொந்த கிளிப்பைப் போட்டுப் பாருங்கன்னு சொல்றேன்.

இன்னும் நாலு விஷயம் சுருக்கமா.

ரேமுக்குக் காசு கொடுங்க, ஸ்டோரேஜுக்கு இழுத்துப் பிடிங்க. சின்ன லேப்டாப்கள்ல பெரும்பாலும் ரேமைப் பின்னாடி ஏத்த முடியாது. ஸ்டோரேஜை வெளியில மாட்டிக்கலாம். விநாடிக்கு 100 மெகாபிட் ஃபுட்டேஜ்னா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. நாலு மணி நேரம்னா 180 ஜிபி. 256 ஜிபி லேப்டாப் ஒரே கல்யாணத்துல மூச்சு முட்டிடும். ஆனா அதே ஃபுட்டேஜ் ஓட விநாடிக்கு 12.5 எம்பி வேகம் போதும். சாதாரண யுஎஸ்பி எஸ்எஸ்டியே தாராளம்.

திரை. 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு போட்டிருந்தா தள்ளிப் போங்க. நிறம் மங்கலா தெரியும். நம்ம பையன் பழைய லேப்டாப்ல அரக்குப் பட்டு வெளிறித் தெரியுதேன்னு நிறத்தை ஏத்தினான். பெரிய திரையில போட்டா புடவை தீப்பிடிச்ச மாதிரி இருந்துச்சு. 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி பாருங்க.

சூடு. கார்டு பேரை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4060-ங்கிற ஒரே பேர்ல 35 வாட்ல இருந்து 115 வாட் வரை இருக்கு. மெலிசான உடம்புல பெரும்பாலும் கம்மி வாட்தான் இருக்கும். மேக்புக் ஏர்ல ஃபேனே கிடையாது. மூணு நிமிஷப் படத்துக்குப் பரவாயில்லை, நீளமான எக்ஸ்போர்ட்னா வேகம் குறையும்.

கடைசியா சார்ஜர். தனி கிராபிக்ஸ் இருக்கிற லேப்டாப்கள் பேட்டரியில ஓடும்போது வேகம் நல்லாவே இறங்கும். கடையில பார்க்கும்போது சார்ஜரைப் பிடுங்கிட்டு ஓட்டிப் பாருங்க. பஸ்லயும் ரயில்லயும் ஓடப்போறது அந்த வேகம்தான்.

"எந்த லேப்டாப் வாங்கலாம்"னு இனிமே கேட்காதீங்க. உங்க கிளிப் என்ன ஃபார்மட், எங்க உட்கார்ந்து எடிட் பண்ணுவீங்க, எவ்வளவு நேரத்துல முடிக்கணும், இந்த மூணையும் எழுதி அனுப்புங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். மீட்டிங்ல மியூட்ல இருக்கும்போது மட்டும் பதில் போட மாட்டேன், அது சத்தியம்.

தம்பி போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். திருமங்கலத்துல ஏதோ மண்டபம், அதே மாதிரி ஒரு ஸ்டோர் ரூம், அரிசி மூட்டை மேல லேப்டாப். கீழே ஒரே வரி: "அண்ணே, ஆறரைக்கே முடிச்சிட்டேன், சாப்பிடப் போறேன்."

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.