சின்னத்திரை வீட்டில் குடியேற எவ்வளவு ஆகும்?

(வானொலி மறையுரை)



சென்ற மாதம் ஒரு வீட்டுக்கு அடிக்கல் மந்திரிக்கப் போயிருந்தேன். செபம் முடிந்ததும் அந்த வீட்டு மருமகள் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வரும் வீட்டின் படம். நடுக்கூடத்தில் அகலமான மாடிப்படி, மேலே பெரிய சரவிளக்கு. "இதே மாதிரிதான் சாமி கட்டப் போறோம்" என்றார். "எவ்வளவு ஆகும்மா?" என்று கேட்டேன். அவர் கணவரைப் பார்த்தார். கணவர் கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் வானத்தைப் பார்த்தார்.

அந்தக் கேள்வி என்னோடு பங்கு இல்லம் வரை வந்துவிட்டது. தொலைக்காட்சியில் பார்க்கிற வீட்டில் உண்மையாகவே குடியிருக்க வேண்டுமானால் என்ன செலவாகும்? அமெரிக்காவில் இதைக் கைக்காசு போட்டுச் சோதித்துப் பார்த்தவர்களே இருக்கிறார்கள்.

அங்கே 1969 முதல் 1974 வரை 'த பிராடி பன்ச்' என்றொரு தொடர் ஓடியது. ஆறு பிள்ளைகள், தாய் தந்தை, சமையலுக்கு ஒரு அம்மா என்று கலகலப்பான குடும்பம். தந்தை கட்டடக் கலைஞர். வீட்டின் முகப்புக்காக லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு நிஜ வீட்டைப் படம் பிடித்தார்கள். உட்புறமெல்லாம் ஸ்டுடியோவில் போட்ட செட். நிஜ வீட்டில் படுக்கை அறைகள் இரண்டுதான். மாடி இருப்பதுபோல் தெரிய வேண்டும் என்று முகப்பில் ஒரு பொய் ஜன்னலை மாட்டினார்கள். ஸ்டுடியோவில் பிள்ளைகளுக்கென்று ஒரு குளியலறை அமைத்தார்கள். ஆறு பிள்ளைகள் புழங்கும் அந்த அறையில் கழிப்பிடத்தை மட்டும் காட்டவே இல்லை. அந்தக் காலத்துத் தொலைக்காட்சிக்கு அவ்வளவு கூச்சம்!

1973-இல் அந்த நிஜ வீட்டை ஒரு குடும்பம் 61 ஆயிரம் டாலருக்கு வாங்கியது. நாற்பத்தைந்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் புல்தரை வரை வந்து நின்றதால் முன்னால் ஒரு குட்டைச் சுவர் கட்ட வேண்டியிருந்தது. மற்றபடி அது அவர்கள் வீடு, அவ்வளவுதான்.

2018-இல் அது விலைக்கு வந்தது. கேட்ட விலை 18 லட்சத்து 85 ஆயிரம் டாலர். வீடுகளைப் பற்றியே நிகழ்ச்சி நடத்தும் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் போட்டி போட்டு 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. வாங்கிய பிறகு உள்ளே இருந்ததை எல்லாம் இடித்துவிட்டு, பின்புறம் சுமார் 2,000 சதுர அடி கூட்டிக் கட்டி, பழைய செட்டை அப்படியே உள்ளே கொண்டுவந்தார்கள். அதற்கு மேலும் ஏறக்குறைய 19 லட்சம் டாலர் செலவு. ஆக 54 லட்சம். 2023-இல் 55 லட்சம் கேட்டுப் பார்த்தார்கள். விற்றது 32 லட்சத்துக்கு.

வாங்கிய பெண்மணி சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அவர் அங்கே குடியேறுவதற்காக வாங்கவில்லை, அப்படியே பாதுகாத்து வைக்கத்தான் வாங்கினாராம். அதை வாழத் தகுந்த வீடாக மாற்ற எதைச் செய்தாலும், தான் ஒரு கலைப்படைப்பாகக் கருதுவதன் சிறப்பு குறைந்துவிடும் என்றார். யோசித்துப் பாருங்கள். 54 லட்சம் டாலர் கொட்டி உருவாக்கிய வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்து எழுந்திருக்க வேண்டுமென்றால், முதலில் அந்த வீட்டைக் கலைக்க வேண்டும்.

நம் இளைஞர்கள் பலருக்குத் தெரிந்த இன்னொரு வீடு 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் வருவது. 1994-இல் தொடங்கிப் பத்து ஆண்டுகள் ஓடியது. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் விசாலமான கூடமும் பால்கனியும் உள்ள வீடு. குடியிருப்பவர்களில் ஒருவர் சமையல் கலைஞர், இன்னொருவர் காபிக் கடையில் பரிமாறுகிறவர். நியூயார்க்கில் மாத வாடகையைப்போல் நாற்பது மடங்காவது ஆண்டு வருமானம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வீடு கொடுப்பது பொதுவான வழக்கம். மாதம் 5,000 டாலர் என்று வைத்தால் ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் சம்பாதிக்க வேண்டும். காபிக் கடைச் சம்பளத்தில் இது எப்படி? கதை எழுதியவர்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. வீடு பாட்டியின் பெயரில் பழைய கட்டுப்பாட்டு வாடகையில் இருக்கிறது, பேத்தி சட்டத்துக்கு மாறாக அதில் தங்கியிருக்கிறாள் என்று ஒரு காரணம் சொல்லிவைத்தார்கள். ஆக, அந்தச் சிரிப்பெல்லாம் ஒரு பொய்யின் மேல் கட்டிய கூரைக்கு அடியில்! வீட்டின் உட்புறமோ நியூயார்க்கிலேயே இல்லை. கண்டத்தின் மறுகோடியில், கலிபோர்னியா ஸ்டுடியோவில் இருந்தது.

ஒருவர் மட்டும் சரியாகக் கணக்குப் பார்த்தார். 1997-இல் 'த சிம்ப்சன்ஸ்' என்னும் கார்ட்டூன் தொடரில் வரும் வீட்டைப் போலவே, லாஸ் வேகாஸ் அருகே ஹெண்டர்சனில் ஓர் அசல் வீட்டைக் கட்டிப் போட்டியில் பரிசாக அறிவித்தார்கள். கண்ணைப் பறிக்கும் அதே வண்ணங்கள்கூட. பரிசு விழுந்தது வேறு மாநிலத்தில் வாழ்ந்த ஓர் அம்மாவுக்கு. அவர் வீடு வேண்டாம் என்று சொல்லி, அதற்குப் பதிலாகக் கொடுத்த 75 ஆயிரம் டாலரை வாங்கிக்கொண்டார். பிழைக்கத் தெரியாதவர் என்று சிலர் நினைத்திருக்கலாம். எனக்கென்னவோ, அவரை நம் பங்குப் பேரவையின் நிதிக் குழுவில் சேர்த்துக்கொள்ள ஆசை.

அன்புக்குரியவர்களே, லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கோபுரம் கட்ட விரும்பியவனைப் பற்றிச் சொல்கிறார். அடித்தளம் போட்டுவிட்டு முடிக்க முடியாமல் நிற்பவனை ஊர் ஏளனம் செய்யும், அதனால் அவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்கிறார். சீடராக இருப்பதன் விலையைப் பற்றிய உவமை அது. வீட்டுக் கடனுக்காகச் சொன்னது அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் 'கணக்கிடுதல்' என்பதற்கு லூக்கா எழுதும் கிரேக்கச் சொல் கூழாங்கல் என்னும் சொல்லிலிருந்து வந்தது. ஒவ்வொரு கல்லாக எடுத்து வைத்து எண்ணுவது. அந்தக் கற்களில் பணம் மட்டும்தானா இருக்கிறது?

சாமியாருக்கு வீட்டுக் கடனைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். என் சொந்தக் காசில் ஒரு மின்கட்டணம்கூட நான் கட்டியதில்லை. ஆனால் ஆண்டுதோறும் வீடு மந்திரிக்க உங்கள் ஒவ்வோர் அறைக்குள்ளும் வருகிறவன் நான்.

முன்பு நான் பணியாற்றிய பங்கில் அப்படி ஒரு வீடு. கட்டி ஆறு ஆண்டு ஆகியிருந்தது. கூடத்தின் நடுவில் மாடிப்படி, கண்ணாடிக் கைப்பிடி, சரவிளக்கு எல்லாம் உண்டு. ஊரே அதை 'சீரியல் வீடு' என்றுதான் சொல்லும். வீட்டுக்காரர் வளைகுடாவில் லாரி ஓட்டுகிறார். மூன்று ஆண்டில் திரும்பிவிடுவதாகத்தான் போனார். கடன் அடையவில்லை. அந்த முறை நாற்பது நாள் விடுப்பில் வந்திருந்தார். நான் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தேன், அவர் முன்னால் நடந்து ஒவ்வொரு கதவாகத் திறந்துவிட்டார்.

பின்பக்க அறை இருட்டாக இருந்தது. அவர் சுவரைத் தடவி ஒரு சுவிட்சைப் போட்டார். மின்விசிறி சுற்றியது. அடுத்ததைப் போட்டார். வெளியே வராந்தாவில் விளக்கு எரிந்தது. மூன்றாவதில் ஒன்றுமே நடக்கவில்லை. எட்டு வயது மகள் ஓடிவந்து, அப்பாவின் கைக்கு அடியில் கையை நீட்டிக் கடைசி சுவிட்சைத் தட்டினாள்.

"அப்பாவுக்கு நம்ம வீட்டுல எதுவுமே தெரியாது சாமி" என்று சிரித்தாள்.

அவரும் சிரித்தார். பிறகு அந்தச் சுவிட்சை இன்னொரு முறை அணைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டார்.