கட்லாவின் வாய்



நன்னீர்க் கெண்டைகள் குறித்த இக்கருத்தரங்குக்குத் தலைமையேற்கப் பணித்த அமைப்பாளர்களுக்கு நன்றி. கட்டுரைப் பட்டியலைப் பார்த்தேன். மரபணு இருக்கிறது, தீவனம் இருக்கிறது, நோய் இருக்கிறது. மீனின் உருவத்தைப் பற்றி ஒரு கட்டுரைகூட இல்லை. அந்தக் குறையைத் தலைமையுரையே தீர்க்கட்டும்.

ஒரு கட்லாக் கெண்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாம்பல் முதுகு, வெள்ளி விலா, பெரிய செதில்கள். உடல் நீளத்தில் கால் பங்குக்கு மேல் தலைதான். கீழ்த்தாடை முன்னே துருத்தி நிற்பதால் வாய் வானம் பார்த்துத் திறக்கும். மீசை கிடையாது, மேலுதடு இல்லை, கீழுதடு மட்டும் தடித்திருக்கும். செவுள் மூடியைத் தூக்கினால், வளைவுகளின் உட்புறம் மெல்லிய நீண்ட முட்கள் நெருக்கமாக வரிசை கட்டியிருக்கும். வாயில் புகும் நீர் செவுள் வழியே வெளியேற, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மிதக்கும் நுண்ணுயிர்கள் அந்த முட்களில் தங்கிவிடும். தாடையில் பல் இல்லை, தொண்டையில்தான் உண்டு. இரைப்பையும் இல்லை.

இன்னொரு கெண்டையான ரோகுவின் வாயோ கீழ்நோக்கியது, உதட்டோரம் குஞ்சம் வைத்தது. ஒரே குளத்தில் கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுமட்டத்திலும் மிர்கால் கெண்டை அடிமட்டத்திலும் மேயும். கூட்டுமீன் வளர்ப்பு என்று நாம் பெருமையாகச் சொல்வது இந்த மூன்று வாய்களை நம்பித்தான் நடக்கிறது.

கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து ஆற்றுப் படுகைகளே கட்லாவின் தாயகம். காவிரிக்கு அது வந்தேறி. மழைவெள்ளம் ஓடும் ஆற்றில் முட்டையிடும் இந்த மீன், குளத்தில் சினை முதிர்ந்தாலும் முட்டையிடாது. ஒடிசாவின் அங்குலில் 1957 ஜூலை 10 அன்று மீன் ஆய்வாளர்கள் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் செலுத்திக் கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகே, ஆற்றுக் குஞ்சுக்குக் காத்துக்கிடந்த நிலை மாறத் தொடங்கியது.

சிக்கலும் இந்த ஊசி முறையோடுதான் பிறந்தது. ஒரே தொட்டியில் கட்லாவையும் ரோகுவையும் சேர்த்து முட்டையிட வைத்தால் கலப்புக் குஞ்சு பிறக்கிறது. மலடாகாமல் அதுவும் இனம் பெருக்குகிறது. தலை சிறுத்துச் சதை கூடும் என்பதால் வியாபாரிக்கும் மகிழ்ச்சி. (எனக்குக் குழம்பில் தலைதான் வேண்டும், அது வேறு கதை.) விற்பனைக்கு வளர்ப்பதில் குற்றமில்லை. அதையே அடுத்த ஆண்டு தாய்மீனாக்குவது தவறு. தலைமுறைக்குத் தலைமுறை வாயும் செவுள் முட்களும் கட்லாவின் அமைப்பிலிருந்து விலகிப்போனால், மேல்மட்ட இரையை மேய ஆளிருக்காது. அந்தக் கலப்பு மீன் ரோகுவின் இரைக்குப் போட்டியாக வந்து நிற்கும்.

கட்டுரை வாசிப்போர் தாங்கள் ஆய்ந்த மீன் எந்தப் பண்ணையது, தலையளவு என்ன, வாய் எப்படி, செவுள் முட்கள் எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். பண்ணையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தாய்மீனைத் தேர்ந்தெடுக்கும்போது எடையைப் பார்ப்பதோடு செவுள் மூடியையும் தூக்கிப் பாருங்கள். கலப்புக் குஞ்சைக் கலப்பு என்று சொல்லியே விற்பனை செய்யுங்கள்.