வழங்கல் சங்கிலியும் உற்பத்தித் தொழிலும்

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியராக வாழ்நாளைக் கழித்த ஒருவர் உற்பத்தித் தொழிலைப் பற்றிப் பேச முன்வருவது சிலருக்கு வியப்பைத் தரலாம். நம் முன்னோர் பெரும்பாலும் உழவையும் ஆசிரியப் பணியையும் நம்பி வாழ்ந்தனர். இன்றோ நம் பிள்ளைகளுள் பலர் செய்யாறு, ஒரகடம், திருப்பெரும்புதூர் ஆகிய இடங்களின் தொழிற்பேட்டைகளில் பணிபுரிகின்றனர். சிலர் சிறு பட்டறை நடத்திப் பெரிய நிறுவனங்களுக்கு உதிரிப்பாகங்கள் செய்து தருகின்றனர். வேறு சிலர் அப்பெரிய நிறுவனங்களின் கொள்முதல் பிரிவில் அமர்ந்து, அத்தகைய பட்டறைகளுக்கு ஆணை வழங்குகின்றனர். மேசையின் இரு புறத்திலும் நம்மவர் இருப்பதால், இப்பொருள் நமக்கு அயலானதன்று.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'வழங்குதல்' என்னும் சொல்லுக்குக் கொடுத்தல் என்பது ஒரு பொருள். இயங்குதல், நடமாடுதல் என்பது மற்றொரு பொருள். ஆகவே 'வழங்கல் சங்கிலி' என்னும் தொடர் பொருத்தமாகவே அமைந்துள்ளது. சுரங்கத்தில் எடுக்கப்படும் தாது இரும்பாகி, இரும்பு தகடாகி, தகடு பாகமாகி, பாகம் வண்டியாகி, வண்டி வாங்குவோர் வாசலை அடைகிறது. ஒருவர் கொடுக்க, அடுத்தவர் பெற, பொருள் இவ்வாறு நடமாடுகிறது. ஒரு மகிழுந்தில் திருகாணி முதலாக எண்ணினால் ஏறத்தாழ 30,000 பாகங்கள் உள்ளன. இவை அனைத்தையும் ஒரே நிறுவனம் தன் கூரையின் கீழ்ச் செய்துகொள்வதில்லை. பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. எனவே, ஒரு தொழிற்சாலையின் வெற்றி அதன் மதிற்சுவருக்கு உள்ளே மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை.

இச்சங்கிலியின் கண்ணிகள் தனித்தனியே இயங்கினால் என்ன நேரும்? கடையில் வாரத்திற்குப் பத்துப் பொருள் விற்கிறது என்று கொள்வோம். ஒரு வாரம் பன்னிரண்டு விற்கிறது. கடைக்காரர், தேவை பெருகுகிறது என்று கருதிப் பதினைந்து கேட்கிறார். மொத்த வணிகர், தட்டுப்பாடு வந்துவிடுமோ என்று அஞ்சி இருபது கேட்கிறார். தொழிற்சாலை முப்பது செய்கிறது. அதற்கு மூலப்பொருள் தருபவர் நாற்பதுக்கு ஆயத்தமாகிறார். அடுத்த வாரம் கடையில் மீண்டும் பத்தே விற்கிறது. இப்போது ஒவ்வொருவர் கிடங்கிலும் பொருள் தேங்குகிறது, ஆணைகள் நின்றுபோகின்றன. சாட்டையின் கைப்பிடி சிறிது அசைந்தால் நுனி பெரிதாகச் சுழல்வதைப் போன்றது இது. ஆங்கிலத்திலும் சாட்டையை வைத்தே இதற்குப் பெயரிட்டுள்ளனர்.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. அமெரிக்காவின் புராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் தன் குழந்தை அணையாடை விற்பனையை ஆராய்ந்தபோது இதையே கண்டது. குழந்தைகள் அணையாடையைச் சீராகவே பயன்படுத்துகின்றன. கடை விற்பனையும் பெரிதாக ஏறி இறங்கவில்லை. ஆனால், தொழிற்சாலைக்கு வந்த ஆணைகளோ பெரிதும் ஏறி இறங்கின. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூவரும் 1997-இல் இதன் காரணங்களை விளக்கினர். ஒவ்வொரு கண்ணியும் தனக்கு அடுத்த கண்ணியின் ஆணையை மட்டுமே காண்கிறது. இறுதியில் வாங்குபவரின் உண்மைத் தேவை அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அறியாமை அச்சத்தைத் தருகிறது. அச்சம் மிகையான ஆணையைத் தருகிறது.

இதற்கு மருந்தாக வந்ததே வழங்கல் சங்கிலி ஒருங்கிணைப்பு. விற்பனை விவரத்தையும் உற்பத்தித் திட்டத்தையும் கையிருப்புக் கணக்கையும் கண்ணிகள் தம்முள் பகிர்ந்துகொள்வது அதன் முதற்படி. புதிய பொருளை வடிவமைக்கும் கட்டத்திலேயே பாகம் செய்பவரை அழைத்து உடன் அமர்த்திக்கொள்வது அடுத்த படி. ஆதாயத்தையும் இழப்பையும் பங்கிட்டுக்கொள்வது கடைசிப் படி. ஏறுவதற்கு அரிதான படியும் அதுவே.

இம்முறைக்கு உலகம் எடுத்துக்காட்டாகக் கொள்வது ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அந்நிறுவனத்திடம் முதல் குறைவு. கிடங்கு நிறையப் பாகங்களை வாங்கிக் குவிக்க வழியில்லை. அப்போது எந்திரப் பிரிவில் பொறுப்பிலிருந்த தாயிச்சி ஓனோ, அமெரிக்கப் பேரங்காடிகளின் நடைமுறையிலிருந்து ஒரு கருத்தைப் பெற்றார். அங்கே வாடிக்கையாளர் தமக்கு வேண்டியதை வேண்டிய அளவே எடுக்கிறார். எடுத்த அளவுக்கே அலமாரி மீண்டும் நிரப்பப்படுகிறது. அதுபோல, அடுத்த பிரிவு எடுத்துக்கொண்ட அளவே முந்தைய பிரிவு செய்யவேண்டும் என்று அவர் வகுத்தார். எவ்வளவு தேவை என்பதைத் தெரிவிக்க ஓர் அட்டை பயன்பட்டது. 'கான்பான்' என்பது அதன் பெயர். நாளடைவில் அவ்வட்டை தொழிற்சாலையின் வாயிலைக் கடந்து, பாகம் தரும் நிறுவனங்களுக்கும் சென்றது.

இதனால் உற்பத்தி நிறுவனங்களுக்கு விளைந்த நன்மைகள் பல. கிடங்கில் முடங்கும் முதல் விடுபடுகிறது. குறையுள்ள பாகம் ஆயிரக்கணக்கில் குவியுமுன், முதல் சில பாகங்களிலேயே குறை வெளிப்படுகிறது. புதிய வகைக்கு விரைந்து மாற முடிகிறது. 2001-இல் ஃப்ரோலிச், வெஸ்ட்புரூக் என்னும் ஆய்வாளர் இருவர் பல நாடுகளின் 322 உற்பத்தி நிறுவனங்களை ஆராய்ந்தனர். பொருள் தருவோருடனும் பொருள் வாங்குவோருடனும், அதாவது இரு திசையிலும் மிகுதியாக ஒருங்கிணைந்த நிறுவனங்களே செயல்திறனில் முன்னேற்றம் மிகுதியாகக் கண்டிருந்தன. ஒரு பக்கம் மட்டும் கைகோத்து நிற்பது போதாது என்பது அதனால் விளங்குகிறது.

ஆயினும் ஒவ்வொரு நன்மைக்கும் ஒரு விலை உண்டு. 1997 பிப்ரவரி 1-ஆம் நாள் அதிகாலையில், ஜப்பானின் கரியா நகரிலிருந்த ஐசின் செய்கி நிறுவனத்தின் தொழிற்சாலை தீக்கிரையானது. பின்சக்கரங்களுக்குச் செல்லும் பிரேக் அழுத்தத்தைச் சீராக்கும் ஒரு சிறு வால்வு அங்கே செய்யப்பட்டு வந்தது. விலை மிகக் குறைவு. கைக்குள் அடங்கும் அளவு. ஆனால், டொயோட்டா அதனை ஏறத்தாழ முழுவதும் அந்த ஒரே இடத்திலிருந்து பெற்று வந்தது. மிகச் சிறிதளவு இருப்பே பெரும்பாலான ஆலைகளில் இருந்தது. சில நாட்களுக்குள் ஜப்பானிலுள்ள டொயோட்டாவின் வண்டி உற்பத்தி ஏறக்குறைய முழுவதும் நின்றது. ஏறத்தாழ 70,000 வண்டிகளின் உற்பத்தி தடைப்பட்டது. ஒரு சிறு வால்வு இல்லாமையால் ஒரு பேரரசு போன்ற நிறுவனம் அசைவற்று நின்றது.

அடுத்து நிகழ்ந்ததே நாம் ஊன்றி நோக்கத் தக்கது. ஐசின் தன் வரைபடங்களை மறைக்காமல் பிற நிறுவனங்களுக்குக் கொடுத்தது. ஏறத்தாழ 200 நிறுவனங்கள் உதவிக்கு வந்தன. வால்வுக்கென்றே அமைந்த தனிக் கருவிகள் எரிந்துபோயிருந்ததால், தத்தம் பொது எந்திரங்களைத் திருத்தியமைத்துப் பாகம் செய்ய முயன்றனர். தையல் எந்திரத்திற்குப் பெயர்பெற்ற பிரதர் நிறுவனமும் அவற்றுள் ஒன்று. விலை என்ன, யார் தருவர் என்னும் பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு வேலையைத் தொடங்கினர். தீப்பற்றிய ஒரு வாரத்திற்குள் ஆலைகள் மீண்டும் இயங்கத் தொடங்கின. செலவைப் பின்னர் ஐசினும் டொயோட்டாவும் ஈடுசெய்தன.

நெருங்கிய இணைப்பு ஆலைகளை நிறுத்தியது; அதே நெருங்கிய இணைப்பு அவற்றை மீட்டது. இரண்டும் உண்மை. கையிருப்பைக் குறைத்தபோது டொயோட்டா ஓர் ஆபத்தை ஏற்றுக்கொண்டது. அதற்கு எதிரீடாக அதனிடம் இருந்தது, பல்லாண்டுகளாகப் பாகம் செய்வோரிடத்தில் சேர்த்துவைத்த நம்பிக்கை. நம்பிக்கையைச் சேர்த்துவைக்காத ஒருவர் கையிருப்பை மட்டும் குறைத்தால், அவர் பின்பற்றுவது டொயோட்டாவின் முறையன்று. அதன் பாதி மட்டுமே.

மற்றொரு நிகழ்ச்சியையும் கூறுவேன். 2000 மார்ச் 17-ஆம் நாள், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அல்புகர்க்கி நகரிலிருந்த பிலிப்ஸ் சில்லு ஆலையில் மின்னலால் தீப்பற்றியது. தீ விரைவில் அணைந்தது. எனினும் புகையும் தூசும் துப்புரவு அறைகளைக் கெடுத்தன. அங்கிருந்து கைப்பேசிச் சில்லுகளைப் பெற்ற பெரு நிறுவனங்கள் இரண்டு: பின்லாந்தின் நோக்கியாவும் ஸ்வீடனின் எரிக்சனும். நோக்கியா செய்தி வந்தவுடன் விழித்துக்கொண்டு, பிலிப்ஸின் பிற ஆலைகளிலும் வேறு நிறுவனங்களிலும் மாற்று ஏற்பாடு செய்தது. எரிக்சன் மெல்ல விழித்தது. அதற்குள் மாற்று வழிகள் பெரும்பாலும் அடைபட்டுவிட்டன. பெருத்த இழப்பு நேர்ந்தது. இருவருக்கும் செய்தி ஒன்றே. வந்த செய்தியை உரிய பொறுப்பாளரிடம் தாமதமின்றிக் கொண்டுசேர்த்த பழக்கமே இருவரையும் வேறுபடுத்தியது.

2011 மார்ச் 11-இல் ஜப்பானில் நேர்ந்த நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் மேலும் ஒரு பாடம் தந்தன. ரெனெசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலை சேதமுற்று, வண்டிகளுக்குரிய நுண்சில்லுகள் பல மாதம் தடைப்பட்டன. அதன்பின் டொயோட்டா, தனக்கு நேரே பொருள் தருவோரோடு நில்லாமல், அவர்களுக்குத் தருவோர் யார், அவர்களுக்கும் தருவோர் யார் என்று ஆழத்தில் உள்ள கண்ணிகளையும் பதிவு செய்யத் தொடங்கியது. சில்லுகளுக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை இருப்பு வைக்குமாறும் ஏற்பாடு செய்தது. 2021-இன் தொடக்கத்தில் உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது, பிற நிறுவனங்களைவிட அது சற்று நீண்ட காலம் தாங்கி நின்றது. இருப்பே கூடாது என்று உலகிற்குச் சொன்னதாகக் கருதப்பட்ட நிறுவனம், எதற்கு இருப்பு வேண்டும், எதற்கு வேண்டா என்று பகுத்துப் பார்த்தது.

இனி, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நேராகப் பொருந்தும் செய்திக்கு வருகிறேன். பெரிய நிறுவனம், "எம்மிடம் கையிருப்பே இல்லை" என்று பெருமையோடு கூறும்போது, அந்த இருப்பு எங்கே போயிற்று என்று கேட்டல் வேண்டும். பல இடங்களில் அது மறைவதில்லை; இடம் மாறுகிறது. பெரிய ஆலையின் கிடங்கில் இருந்தது, பட்டறைக்காரரின் கொட்டகைக்கு வந்து சேர்கிறது. 'கேட்ட நேரத்தில் தரவேண்டும்' என்னும் நிபந்தனைக்கு அஞ்சி, அவர் தம் கடன் பணத்தில் பாகங்களைச் செய்து அடுக்கிவைக்கிறார். பாகம் சென்ற பின்னரும் பணம் வர மாதங்கள் ஆகின்றன. வட்டி ஒருவருக்கு, ஆதாயம் மற்றொருவருக்கு என்றால், அதனை ஒருங்கிணைப்பு என்று எவ்வாறு அழைப்பது? சுமையைத் தள்ளிவிடுதல் என்பதே அதற்குரிய பெயர்.

இவ்விடத்தில் சட்டம் ஒன்று துணை நிற்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் பொருள் பெற்றவர், எழுத்து வடிவ ஒப்பந்தம் இருந்தாலும், பொருளை ஏற்றுக்கொண்ட 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டியைக் கூட்டு வட்டியாகத் தரவேண்டும். வருமான வரிச் சட்டமும், அக்காலவரையறைக்குள் தராத தொகையை, உண்மையில் பணம் தந்த ஆண்டின் செலவாகவே கழித்துக்கொள்ள இடந்தருகிறது. பட்டறை நடத்துவோர் 'உத்யம்' பதிவை முறையாகச் செய்துகொண்டு, இவ்வுரிமைகளை அறிந்திருத்தல் நலம். உரிமையைக் கேட்டால் ஆணை நின்றுவிடுமோ என்னும் அச்சம் இயல்பே. அதனால்தான் மேசையின் மறுபுறம் அமர்ந்திருப்பவரின் பொறுப்பு பெரிதாகிறது.

கொள்முதல் பிரிவில் உள்ள இளைஞர்களுக்கு மூன்று சொற்கள். ஒன்று, உங்கள் உற்பத்தித் திட்டத்தை உள்ளபடி முன்கூட்டியே தெரிவியுங்கள். மிகைப்படுத்திச் சொன்ன ஆணையை நம்பி ஒருவர் எந்திரம் வாங்கியிருக்கக்கூடும். இரண்டு, விலை மலிவான பாகம்தானே என்று எதையும் எளிதாக எண்ணி, ஒரே இடத்தை நம்பியிராதீர்கள். அந்தச் சிறு வால்வை நினையுங்கள். மூன்று, குறித்த நாளில் பணம் கிடைக்கச் செய்யுங்கள். நெருக்கடி நாளில் இரவெல்லாம் விழித்து உங்களுக்காக எந்திரம் ஓட்டுபவர், நல்ல நாளில் நீங்கள் நடத்திய முறையை மறந்திருக்க மாட்டார்.

பட்டறை நடத்துவோருக்கும் ஒன்று கூறுவேன். ஒரே நிறுவனத்தின் ஆணையை மட்டும் நம்பியிருத்தல், ஒரே வால்வு ஆலையை நம்பிய டொயோட்டாவின் நிலையைப் போன்றதே. இயலும்வரை இரண்டாவது வாடிக்கையாளரைத் தேடுங்கள். குறை நேர்ந்தால் மறைக்காமல் அன்றே சொல்லுங்கள். முன்கூட்டிச் சொன்ன குறைக்கு மாற்று வழி உண்டு, மறைத்த குறைக்கு இல்லை.

தமிழில் 'கொடுக்கல் வாங்கல்' என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். கொடுப்பவர் நலிய வாங்குபவர் மட்டும் வளர்தல் நெடுநாள் நில்லாது. கணினி வலையும் மென்பொருளும் கணக்குகளை இணைத்துவிடும். ஒருவர் இழப்பை மற்றவர் தம் இழப்பாகக் கருதும்போதுதான் நிறுவனங்கள் இணைகின்றன. அத்தகைய இணைப்பை உருவாக்கும் இடத்தில் நம் இளைஞர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அவ்விடத்தின் அருமையை அவர்கள் உணர்ந்து செயல்படுவார்களாக என்று வாழ்த்தி அமைகிறேன்.