பெட்ரோல் பங்க்கில் ஒரு பாடம்

புதுச்சேரியின் உழவர்கரை நகராட்சிக்குள்தான் லாஸ்பேட்டை தாகூர் கலைக் கல்லூரி இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கைக்குச் சென்டாக் விண்ணப்பம் போடும் நாட்களில் அந்தப் பக்கத்து வீடுகளில் ஒரே பேச்சு: பி.காமா, பொருளாதாரமா?

இரண்டுக்கும் வித்தியாசம் புரிய நம்ம ஊர் பெட்ரோல் பங்க்கைப் பாருங்கள். விழுப்புரம், திண்டிவனம் வண்டிகள் டேங்க்கை நிரப்பிக்கொண்டு போகின்றன. அன்றைய விற்பனை, கையிருப்பு, லாபம் என்று கணக்கெழுதுவது வணிகவியல். அந்த வண்டி ஏன் இங்கே வருகிறது, நாம் வரியைக் கூட்டினால் வருமா என்று கேட்பது பொருளாதாரம்.

பி.காம் பக்கம் பலர் சாய்வது சி.ஏ.வுக்காக. ஆனால் பொருளாதாரப் பட்டதாரியும் சி.ஏ. இன்டர்மீடியட்டில் நேரே சேரலாம்; பி.காமுக்கு 55 சதவீத மதிப்பெண் வேண்டும், மற்றவர்க்கு 60. இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கோ பொருளாதாரத்தில் முதுகலை வேண்டும்.

கணக்குக்குப் பயந்து பொருளாதாரம் எடுப்பவர்களும் உண்டு. பாவம், அங்கே புள்ளியியல் காத்திருக்கிறது!