பல் மருத்துவம் பயில விரும்புவோர்க்கு


நீட் தேர்வில் தேறிவிட்டால் பல் மருத்துவக் கல்லூரியில் இடம் தானே வந்துவிடும் என்று நம்மவர் சிலர் எண்ணியிருக்கின்றனர். அவ்வாறன்று. நம் மாநிலத் தேர்வுக்குழுவுக்குத் தனியே விண்ணப்பித்தல் வேண்டும்.

பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இடங்கள் உள்ளன. அதனுள் அருந்ததியருக்கு 2009 முதல் 3 விழுக்காடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே பயின்றோர்க்கு 2020 முதல் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடும் உண்டு.

இவ்வுரிமைகளைச் சான்றிதழ்களே மெய்ப்பிக்கும். வட்டாட்சியர் வழங்கும் சாதிச் சான்றிதழையும், பயின்ற பள்ளிகளின் சான்றையும் முன்னரே பெற்று, பெயரும் பிறந்த நாளும் எல்லாவற்றிலும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

அலுவலகம் அலைந்தால் கூலியிழக்கும் பெற்றோர் நம்மவர். ஆகவே பட்டம் பெற்ற ஒவ்வொருவரும் ஒரு பிள்ளைக்கேனும் உடனிருந்து விண்ணப்பத்தை நிறைவேற்றித் தருக. உழைத்துப் பெற்ற மதிப்பெண் ஒரு தாளின்றி வீணாகலாகாது.